புள்ளிக்குப் பின்னால் ஒரு வீடு

நண்டுமேடு என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் தப்பில்லை. நில அளவு ஒருமைப்பாட்டுத் தனிப்பிரிவு தேடி வரும்வரை அரசாங்கமும் கேள்விப்பட்டதில்லை. தோணிரேவுக்கு வடக்கே, தார் ரோடு தீர்ந்துபோகும் இடத்திலிருந்து ஏரிக்குள் நீளும் ஒரு மண்மேடு அது. அதன்மேல் ஒரே வரிசையில் இருபத்திரண்டு குடிசைகள். எல்லாம் பழவேற்காடு ஏரியில் வலையில்லாமல், கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பங்கள். முதல் குடிசையின் வாசலில் ரோடு. கடைசிக் குடிசையின் வாசலில் தண்ணீர். அந்தக் கடைசிக் குடிசை ஜமுனாவுடையது.

போன வருஷத்துப் புயலில் அவள் கூரை பறந்து போனது. அதற்குப் பிறகு தார்ப்பாய்தான். அவளும் புருஷன் சுப்பனும் எப்படியோ காலம் தள்ளிவிடுவார்கள். ஆனால் திருப்பாலைவனத்தில் கட்டிக்கொடுத்த மகள் மாலதி முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் பிரசவம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்க வேண்டும், அதற்குத் தாய் வீடு என்று ஒன்று வேண்டும். ஒழுகாத ஒரு அறை, கதவு வைத்த ஒரு அறை. ஜமுனாவின் ஆசை அவ்வளவுதான். அதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷிக்கு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் நண்டுமேட்டில் குடும்பத்துக்கு இரண்டு சென்ட் பட்டா என்ற நல்ல செய்தி வந்தது. பட்டா இருந்தால் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைக்கும். ஜமுனா அன்றைக்கே சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். "சீமந்தம் முடிஞ்சதும் பொண்ண அனுப்பி வைங்க. ஐப்பசிக்குள்ள தளம் போட்ட வூடு ஆயிடும்" என்று சொல்லியனுப்பினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் சந்தோஷப்பட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஷாமியானா போட்டு, மைக் செட் வைத்து, பட்டா கொடுத்தார்கள். ஜமுனா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரோட்டோரக் குடிசை ராஜம்மாவின் மகன் பிரவீன் அதை வாங்கிப் படித்தான். பெயர் சரியாக இருந்தது. புருஷன் பெயர் சரியாக இருந்தது. பரப்பு என்ற இடத்தில் 0 ஹெக்டேர் 0 ஏர்ஸ் என்றிருந்தது. இருபத்திரண்டு பட்டாவிலும் அப்படியேதான். யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

தனிப்பிரிவு அலுவலகம் பழவேற்காட்டில் ஒரு ஐஸ் பேக்டரியின் மாடியில் இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற சாமுண்டீஸ்வரி நல்ல பெண். பொறுமையாக விளக்கிச் சொன்னாள்.

"சென்ட் எல்லாம் பழைய அளவும்மா. அதை மெட்ரிக்குக்கு மாத்தணும். நூறு சதுர மீட்டர் ஒரு ஏர்ஸ். உங்க ரெண்டு சென்ட் பூஜ்யம் புள்ளி எட்டு ஒண்ணு ஏர்ஸ். ஆனா புள்ளிக்குப் பின்னாடி வர்றதை சிஸ்டம் எடுக்காது."

"புள்ளிக்கு முன்னாடி இன்னா கீது?"

"பூஜ்யம்."

"அப்ப எங்க பூமி எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல. புள்ளிக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு" என்றாள் சாமுண்டீஸ்வரி. ஜமுனா கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒயர்கள்தான் இருந்தன.

வீட்டுத் திட்டக்காரர்கள் அதைவிட நல்லவர்கள். அவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளவே இல்லை. பூஜ்யம் ஏர்ஸில் எத்தனை அறை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம், தங்களுக்கு ஒன்றும் தடையில்லை என்றார்கள். சுப்பன் அன்று வீட்டுக்கு வந்து, "பட்டா இல்லாதப்போ நமக்கு ரெண்டு சென்ட் இருந்திச்சு" என்று மட்டும் சொன்னான்.

புகார்கள் போனதும் தனிப்பிரிவு உடனே செயலில் இறங்கியது. மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று கண்டுபிடித்து, நண்டுமேட்டிலேயே அளவு மாற்ற விழிப்புணர்வு முகாம் நடத்தியது. தனி அலுவலர் உதயகுமார் நேரில் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மீட்டர் டேப் பரிசு. பிறகு அவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த பெருமக்களே! வெள்ளைக்காரன் போய்விட்டான். ஆனால் அவன் விட்டுப்போன சென்ட் போகவில்லை. ஏக்கர் போகவில்லை. நம் மண்ணை இன்னும் அவன் அளவில்தான் அளந்துகொண்டிருக்கிறோம். நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உங்களுக்கு நிலம் கிடைப்பது முக்கியமா? முக்கியம்தான். ஆனால் அது எந்த அளவில் கிடைக்கிறது என்பது அதைவிட முக்கியம். சரியான அளவில் ஒன்றுமே கிடைக்காமல் போவது, தவறான அளவில் இரண்டு சென்ட் கிடைப்பதைவிட மேலானது என்பேன். இந்தக் கொள்கையில் நான் சமரசம் செய்துகொண்டதே இல்லை. என் மாமனார் எனக்கு மூன்று கிரவுண்டு கொடுக்க வந்தபோதுகூட..."

பக்கத்தில் இருந்தவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதயகுமார் தண்ணீர் குடித்தார். பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, வலது கையை நீட்டி, இனிமேல் சென்ட் என்ற சொல்லை வாயால் உச்சரிக்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார். அந்த உறுதிமொழியில் அந்தச் சொல் நான்கு இடங்களில் வந்தது. கடைசியில் வாய்ப்பாடு. "ஒரு சென்ட் நாற்பது புள்ளி நான்கு ஏழு சதுர மீட்டர்!" என்று அவர் சொல்ல, நண்டுமேடு திருப்பிச் சொன்னது.

கூட்டம் கலையும்போது ஜமுனா அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எம்பொண்ணு மாசமா கீறா. கார்த்திகையில பிரசவம். அதுக்குள்ள வூடு ஆவணும்யா. எந்த அளவுல வோணா குடுங்க. முட்டை மட்டும் போடாதீங்க."

மைக் இல்லாத நேரத்தில் உதயகுமார் எல்லோரையும் ஒருமையில்தான் பேசுவார். "கவலைப்படாத போ. சிஸ்டத்துல ரெண்டு பட்டன் இருக்கு. ஒண்ணு புள்ளிக்குப் பின்னாடி வர்றதை வெட்டிடும். இன்னொண்ணு மேல தூக்கி முழுசாக்கிடும். ரெண்டாவது பட்டனை அமுக்கச் சொல்றேன். அரைக்கு மேல இருந்தா ஒண்ணு ஆயிடும். உனக்கு ஒரு ஏர்ஸ் வரும். கிட்டத்தட்ட ரெண்டரை சென்ட்!" என்றார். சற்று முன்பு எடுத்த உறுதிமொழி அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஜமுனா அவர் காலில் விழப் போனாள், அவர் தடுத்துவிட்டார். ஒரு காரியம் கைகூடி வருவதுபோல அன்றைக்கு எல்லோருக்கும் இருந்தது. திருப்பாலைவனத்துக்கு அடுத்த செய்தியும் போனது. ரெண்டு இல்லை, ரெண்டரை.

ஆனால் பட்டனை அமுக்க விதிப்படி மக்களின் ஒப்புதல் வேண்டும். அதற்காக உதயகுமார் மறுபடி வந்தபோது ஊரில் ஒருவரும் இல்லை. தண்ணீர் இறங்கியிருந்த நேரம், எல்லோரும் ஏரிக்குள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் நண்டுமேட்டுத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கையால் இறால் பிடிக்கிறவர்கள் மார்பளவுத் தண்ணீரில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே வரிசையாக நகர்வார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள பனையோலையில் முடைந்த ஒரு பறி இருக்கும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி நழுவி, காலையிலிருந்து பிடித்ததெல்லாம் ஏரிக்கே திரும்பிவிடும். அதனால் தண்ணீருக்குள் யாரும் பேசமாட்டார்கள். யார் கூப்பிட்டாலும் என்ன கேட்டாலும் கரைக்கு வந்த பிறகுதான் பதில். இது ஏரிக்கரையில் நண்டு விற்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உதயகுமாருக்குத் தெரியாது. அவர் கரையில் நின்று கையை வாயருகே குவித்துக்கொண்டு, "அளவை முழுமையாக்கி, அதற்கேற்ப மனைகளை மறுவரிசைப்படுத்துவதில் யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா?" என்று கத்தினார். மூன்று முறை கேட்டார், விதி அப்படி. ஏரிக்குள் நாற்பது பேர் பறியைக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். வீடு கொடுக்கப்போகிற அதிகாரியாயிற்றே என்று ஜமுனா மட்டும் மரியாதைக்குத் தலையைத் தாழ்த்தினாள். மறுவரிசை என்ற சொல் காற்றில் வந்ததோ இல்லையோ, வந்திருந்தாலும் என்னவென்று அவளுக்கு விளங்கியிருக்காது. "ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்று எழுதிக்கொண்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

பட்டனை அமுக்கினார்கள். இருபத்திரண்டு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒரு ஏர்ஸ் ஆனது. கம்ப்யூட்டரில் எல்லாம் முழுமையாகிவிட்டது. மண்மேடுதான் முழுமையாக மறுத்துவிட்டது. இருபத்திரண்டு இரண்டு சென்ட் சேர்ந்தால் நாற்பத்து நான்கு சென்ட், அதாவது பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏர்ஸ். மேடு அவ்வளவுதான். ரோட்டுப் பக்கத்திலிருந்து அளந்துகொண்டே வந்தார்கள். முதல் ஆளுக்கு ஒன்று, இரண்டாவது ஆளுக்கு ஒன்று. ஒவ்வொருவர் மனையும் கொஞ்சம் கொஞ்சம் பெருத்து, அடுத்தவர் மனையை முன்னால் தள்ளிக்கொண்டே போனது. பதினேழு பேருக்குக் கொடுத்து முடித்தபோது மேட்டில் மிச்சம் பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று இருந்தது. அது ஒரு முழு எண் இல்லை என்பதால் அதை யாருக்கும் கொடுக்க வழியில்லை. ஆகவே அதைத் தாண்டிப் போய் மீதி ஐந்து பேரின் மனைகளையும் அளந்தார்கள். அவை ஏரியில் விழுந்தன. ஐந்தாவது மனை, கரையிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பது, ஜமுனாவுடையது.

மேட்டில் மிச்சமான அந்தத் துண்டு எது என்று கேட்கிறீர்களா? வரிசையின் கடைசித் துண்டு. இரண்டு சென்ட். ஜமுனாவின் குடிசை நின்றுகொண்டிருந்த அதே இடம், கூடக் குறைய இல்லாமல்.

அவளுக்கு இது முதலில் தெரியவில்லை. வீட்டுத் திட்டத்துக்குப் போட்டோ எடுக்க ஆள் வந்தபோதுதான் தெரிந்தது. பயனாளி தன் மனையில் நின்றால்தான் அந்தச் செல்போன் செயலி திறக்கும். அவள் குடிசை வாசலில் நின்றாள், திறக்கவில்லை. கொஞ்சம் முன்னால் வாங்க என்றார்கள். வந்தாள். இன்னும் கொஞ்சம் என்றார்கள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. போட்டோக்காரர் ஒரு தோணியில் ஏறிப் பின்னாலேயே வந்தார். கழுத்துக்கு ஒரு சாண் குறைவாக இருந்த இடத்தில் செல்போன் 'டிங்' என்றது. திரையில் பச்சை டிக் விழுந்தது. 'பயனாளி தன் சொந்த நிலத்தில் நிற்கிறார்' என்று எழுத்து வந்தது.

"அவ்வளவுதான்மா. கடைக்கால் தோண்டி, குழியோட ஒரு போட்டோ அனுப்பிட்டீங்கன்னா வீட்டு வேலை ஆரம்பிச்சிடலாம்" என்றார் போட்டோக்காரர்.

ஜமுனா அங்கேயே நின்றாள். குனிந்து பார்த்தாள். காலுக்கடியில் ஒரு நண்டு ஓடியது. அவள் பிடிக்கவில்லை.

மறுநாள் ஐஸ் பேக்டரி மாடிக்கு அவளும் சுப்பனும் ஏறினார்கள். உதயகுமார் அவர்களை உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"தண்ணியில மனை குடுத்துக்கீறீங்களேய்யா" என்றாள் ஜமுனா.

"மனை தண்ணியில இல்லம்மா. மனை மேல தண்ணி இருக்கு. அது வேற துறை."

"எங்கூட்டு எடத்தையே எனக்குக் குடுத்துடுங்கய்யா. அந்த ரெண்டு சென்ட் போதும். அந்த அரை சென்ட் எனக்கு வோணாம்."

"ரெண்டு சென்ட்னு ஒரு அளவே இப்ப கிடையாதே. நீதானே கையை நீட்டி உறுதிமொழி எடுத்த? இல்லாத அளவுல நான் எப்படி நிலம் கொடுக்கிறது? சரி, இந்த மறுவரிசையை ஊரே ஒத்துக்கிச்சு. நீ தலையை வேற ஆட்டின, நான் என் கண்ணால பார்த்தேன்."

"வாயில பறி இருந்திச்சுய்யா."

உதயகுமார் சாமுண்டீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தார். அவள், அப்படி ஒரு காரணம் சிஸ்டத்தில் இல்லை என்றாள். சொல்லிவிட்டு அவள் தலை குனிந்துகொண்டாள்.

சுப்பன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். "அப்ப நாங்க இருக்கிற எடத்துலயே இருந்துக்கிறோம் சார். பட்டாவும் வோணாம், வூடும் வோணாம். தார்ப்பாய் கட்டிக்கினு பொழச்சிக்கிறோம்" என்றான்.

"அதுதான் முடியாது" என்றார் உதயகுமார், நிஜமாகவே வருத்தத்தோடு. "இத்தனை நாள் நீ நிலமில்லாதவன். புறம்போக்குல இருந்தா அரசாங்கம் இரக்கப்படும். இப்ப உன் குடும்பத்துக்கு ஒரு ஏர்ஸ் சொந்தமா இருக்கு. சொந்த நிலம் இருக்கிறவன் புறம்போக்குல இருந்தா அதுக்குப் பேர் ஆக்கிரமிப்பு. உங்களை ஏமாத்தணும்னு நான் நினைக்கலப்பா. இந்த வட்டாரத்துல நிலமில்லாத குடும்பமே இல்லைன்னு ஆக்கணும்னு இரவு பகலா உழைச்சேன். ஆக்கிட்டேன். வர்ற மாசம் எனக்கு விருது கொடுக்கிறாங்க. அதுல உனக்கும் பங்கு இருக்கு."

அவர் மேசை மேலிருந்த பிஸ்கெட் தட்டை நகர்த்தி வைத்தார். சுப்பன் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தான்.

புரட்டாசி முடிவதற்குள் தார்ப்பாயைப் பிரித்துவிட்டார்கள். நான்கு கம்பி நட்டு, முள்வேலி போட்டு, ஒரு போர்டும் வைத்தார்கள். 'இது அரசு நிலம். அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர். பரப்பு 2 சென்ட்.' எழுத்து கூட்டிப் படிக்க வராவிட்டாலும் ஜமுனாவுக்கு அந்த இரண்டு தெரிந்தது; மிச்சத்தைப் பிரவீன் படித்துச் சொன்னான். வேலி போட வந்த ஆளிடம், "இதுல மட்டும் சென்ட்டுன்னு போட்டுக்கீது?" என்று கேட்டாள். அரசாங்கம் எந்த அளவில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். தண்ணீரில் மனை கிடைத்த மற்ற நான்கு குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. ராஜம்மா தன் பெருத்த மனையில் ஒரு ஓரமாக ஜமுனாவைத் தார்ப்பாய் கட்டிக்கொள்ளச் சொன்னாள். ஒரு மனையில் இரண்டு குடும்பம் இருந்தால் அந்த மனைக்கு வீடு இல்லை என்று அலுவலகம் சொல்லியனுப்பியது. ராஜம்மா வந்து ஜமுனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளை அதற்கு மேல் அழவிடக் கூடாது என்று ஜமுனா தானே கயிற்றை அவிழ்த்தாள். தோணிரேவில் கரையேற்றிப் போட்டிருந்த இரண்டு பழைய தோணிகளுக்கு நடுவில் அந்தத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள்.

சம்பந்தி வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும், அனுப்ப வேண்டும் என்று ஜமுனா நினைத்துக்கொண்டே இருந்தாள். என்னவென்று சொல்லி அனுப்புவது? நிலம் இருக்கிறது என்பது பொய் இல்லை. அதிகமாகவே இருக்கிறது என்பதும் பொய் இல்லை. திருப்பாலைவனத்தில் மாலதியின் மாமியார் தேவகி, "எங்க மருமவ அம்மா வூட்டுல ரெண்டரை சென்ட்டு பட்டா, தளம் போட்ட வூடு" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பெண் வீட்டைப் பற்றி அந்த அம்மாள் பெருமையாகச் சொன்ன முதல் விஷயம் அது. அதைக் கெடுக்க ஜமுனாவுக்கு மனசு வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மத்தியானம், சீமந்தத்து வளையல்கள் இரண்டு கையிலும் குலுங்க, நிறைமாத வயிற்றோடு மாலதி பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். கையில் பிள்ளைக்குப் பழந்துணி மூட்டை. ஜமுனா தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நைனா வரலையாம்மா?"

"தார்ப்பாய் பறந்துடும்னு புடிச்சிக்கினு நிக்கிறாரு."

"இன்னாத்துக்குத் தார்ப்பாய்? வூடு கட்டலையா?"

ஜமுனா சொன்னாள். பட்டாவை, பட்டனை, பச்சை டிக்கை, வேலியை. மழைச் சத்தத்தில் பாதி மாலதிக்குக் கேட்கவில்லை. கேட்ட பாதி புரியவில்லை. சொல்லச் சொல்ல ஜமுனாவுக்கே அது கட்டுக்கதைபோல இருந்தது. ஒரு தாய் தன் பெண்ணைத் திருப்பி அனுப்ப இப்படியெல்லாமா கதை கட்டுவாள் என்று அந்தத் தேவகி கேட்கப்போகிறாள், அதுவும் அவளுக்குத் தெரியும்.

வந்த பஸ்ஸே திரும்பிப் போவதற்கு ஹாரன் அடித்தது. ஜமுனா மூட்டையை வாங்கிக்கொண்டு மகளை மெதுவாகப் படியேற்றி, ஜன்னலோரம் பார்த்து உட்கார வைத்தாள். கீழே இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெயில் காலத்துல வா கண்ணு. தண்ணி வத்திடும். நம்ம எடம் மேல தெரியும்" என்றாள்.

மாலதி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அதுவரைக்கும் இது உள்ளயே இருக்குமாம்மா?"

கண்டக்டர் விசில் ஊதினார்.